மூன்றாம் சேனலை இறக்கிய கை

போன மாதம் ஒரு வீடியோ வந்தது. எங்கள் பழைய சவுண்ட்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். ஏதோ ஒரு கல்லூரி மைதானம். பாடிக்கொண்டிருந்த பையனின் முகத்தில் தண்ணீர் நிறைந்த பாட்டில் ஒன்று வந்து அடிக்கிறது. அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிகிறான். கூட்டம் ‘ஓ’ என்று கத்துகிறது. பயந்து போய்க் கத்தவில்லை, குஷியில் கத்துகிறது. அதன் கீழே எங்கள் ஆள் ஒருவர் எழுதியிருந்தார்: “இதுக்கெல்லாம் பாட்டை நிறுத்தலாமா? நம்ம காலத்துல கல்லடி வாங்கிட்டும் பாடுனாங்க.” பத்துப் பதினைந்து பேர் கைதட்டும் படம் போட்டிருந்தார்கள். எல்லாரும் மேடை வேலை பார்த்துச் சோறு தின்றவர்கள்.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் அனீஷ் போன் செய்தான். என்னிடம் வேலை பார்த்தவன், இப்போது சொந்தமாக சவுண்ட் கம்பெனி வைத்திருக்கிறான்.

“மணிச் சேட்டா, வீடியோ கண்டீங்களா? மேடைக்காரங்க எல்லாரும் சேந்து மட்டாஞ்சேரில ஒரு மீட்டிங் வெச்சிருக்கோம். ஆர்ட்டிஸ்டுங்க சேஃப்டி பத்தி. நீங்க வந்து பத்து மினிட்டு சம்சாரிச்சா போதும். அந்தக் காலத்துல நீங்கள்லாம் எப்படி மேனேஜ் பண்ணுனீங்கன்னு.”

“மேனேஜ் எல்லாம் பண்ணல. மூடி மறைச்சோம்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டேனே தவிர, அன்று முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதிப் பழக்கம் விட்டுப்போனவன் நான். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், வீட்டில் பேசுவது தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

என் அப்பா மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டை தைத்தவர். நான் பத்தாம் வகுப்போடு நின்று ஒரு மைக் செட் கடையில் சேர்ந்தேன். குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டுவதில் ஆரம்பித்து, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்து, பிறகு எல்லா மைக்கின் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் மிக்சரில் உட்கார்ந்தேன். அதன் பின் முப்பத்தொரு வருஷம் ஒரே கானமேளா குழுவில் சவுண்ட்காரன். கானமேளா தமிழ்நாட்டில் பாட்டுக் கச்சேரி என்பார்களே, அதுதான். கோயில் உற்சவம், சர்ச் பெருநாள், ஓணம் என்று எதற்கும் மேடை போட்டு சினிமாப் பாட்டுப் பாடுவோம். மேடையில் பதினோரு பேர். நான் பன்னிரண்டாவது ஆள், மேடைக்கு அறுபது அடி தள்ளிக் கூட்டத்தின் நடுவே ஒரு மேசை போட்டு உட்காருவேன். கூட்டத்துக்கு எது கேட்கிறதோ அதைக் கேட்டால்தான் சத்தத்தைச் சரி செய்ய முடியும். அதனால் எங்கள் குழுவில் ஜனங்களின் முகத்தை மேடைக்காரர்களைவிட அதிகம் பார்த்தவன் நான்தான்.

பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு சர்ச் பெருநாளில் செங்கல் துண்டு ஒன்று தபலாக்காரர் வறீதின் வலது கையில் விழுந்தது. இரண்டு விரல் உடைந்தது. விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “பெருநாளல்லே, அங்ஙனெயொக்கெ உண்டாகும்” என்றார். திருவிழா என்றால் அப்படியெல்லாம் நடக்குமாம். அவர் விரல் உடைந்திருந்தாலும் இப்படித்தான் சொல்வாரா என்று கேட்க எனக்கு அன்று வாய் வரவில்லை. இன்னொரு இடத்தில் ஒருவன் தான் கேட்ட பாட்டு வரவில்லை என்று என் மிக்சரின் மேல் கள்ளைக் கவிழ்த்தான். நான் மேல்துண்டால் துடைத்துக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடச் சொல்லி மேடைக்குச் சைகை காட்டினேன். பொம்பளைப் பிள்ளைகள் பாடும்போது முன்வரிசையிலிருந்து வரும் சொற்களை இங்கே எழுத முடியாது. இதற்கெல்லாம் எங்கள் ஊரில் ‘ஓளம்’ என்று பெயர். கூட்டத்துக்குக் குஷி ஏறினால் ஓளம். அதில் அடிபடுகிறவனுக்கு ஒரு பெயரும் இல்லை.

எங்கள் குழுவின் தலைவர் அகஸ்டின் மாஷ். மாஷ் என்றால் வாத்தியார். கீபோர்டு வாசிப்பார், பாட்டுகளைப் பிரித்துக் கொடுப்பார், கமிட்டிகளோடு பேசுவார். வெள்ளை முண்டு, வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் ஒரு சின்னத் தகர டப்பா இருக்கும், அதில் கிராம்பு. தன் தொண்டைக்கு ஒன்று போட்டுக்கொள்வார். யாராவது நன்றாக வேலை செய்திருந்தால் நிகழ்ச்சி முடிந்ததும் டப்பாவைத் திறந்து நீட்டுவார். வாயால் பாராட்டுவது கிடையாது. அந்தக் கிராம்புக்காக நாங்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்தோம்.

எந்த ஊருக்குப் போனாலும் மாஷ் ஒரு மணி நேரம் முன்னதாக முண்டை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவார். மேடைக்குப் பின்னால் படி இருக்கிறதா, எங்கள் வேன் ரோட்டைப் பார்த்து நிற்கிறதா என்று பார்ப்பார். தரையில் கல், செங்கல் கிடந்தால் தானே குனிந்து பொறுக்கி வேலிக்கு வெளியே போடுவார். சோடாக் கடை எங்கே என்று கேட்பார். மேடையின் பக்கத்தில் இருந்தால் தள்ளி வைக்கச் சொல்வார், கண்ணாடி பாட்டில் எறியும் தூரத்தில் இருக்கக் கூடாது என்று. ஆக, அவருக்கு எல்லாம் தெரியும். என் கோபமே அதில்தான். ஒன்றும் தெரியாதவரை மன்னித்துவிடலாம்.

மேடையில் இருந்துகொண்டு எனக்கு அவர் கையால் சைகை காட்டுவார். ஒரு விரலைச் சுழற்றினால் பல்லவியைத் திரும்பப் போடுகிறோம் என்று அர்த்தம். முஷ்டியை மடக்கினால் அடுத்து அடிபொளிப் பாட்டு, அதாவது குத்துப் பாட்டு, டிரம்ஸை ஏற்று. உள்ளங்கையைக் கீழே காட்டி ஒருவரைப் பார்த்தால் அவர் மைக்கைக் குறை. கீழே தகராறு கிளம்பினால் எப்போதும் முஷ்டிதான். “பாட்டு நிக்கருது, மணீ” என்பார், நிற்கக் கூடாதாம். பாட்டு நின்றால் கூட்டத்துக்குக் கவனம் சண்டைக்குப் போகும், சண்டை மேடைக்கு வரும். அதோடு, பாதியில் நிறுத்திய குழு என்று பெயர் வாங்கினால் அடுத்த வருஷம் எந்தக் கமிட்டியும் கூப்பிடாது. இது அவர் கணக்கு. பல இடங்களில் அது பலித்தும் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இனி லதிகா.

லதிகா எங்கள் தெருக்காரி. அவள் வீட்டிலும் தமிழ்தான். இருபத்தாறு வயதில் எங்கள் குழுவின் முக்கியப் பாடகி ஆனாள். சுருதி சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம், மிக்சரில் அவளுக்கு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது. மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சேனல் உண்டு, மூன்றாம் சேனல் அவளுடையது. மைக்கைச் செருகிவிட்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

பதினான்கு வருஷம் முன்பு ஓணத்துக்கு எங்கள் ஊரிலேயே ஒரு வாலிபர் சங்கம் எங்களைக் கூப்பிட்டது. மத்தியானம் மூன்று மணிக்கு நிகழ்ச்சி. நல்ல வெயில். இருட்டில் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, அதற்காகச் சொல்கிறேன். சோடாக் கடை மேடையின் இடது பக்கம் பத்தடியில் இருந்தது. மாஷ் சங்கத்தின் செக்ரட்டரியிடம் தள்ளி வைக்கச் சொன்னார். அவர் சிரித்தார். “ஓணமல்லே மாஷே!” மாஷும் சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

கானமேளாவில் ஜனங்கள் துண்டுச் சீட்டில் பாட்டின் பெயரை எழுதி மேடைக்குக் கொடுப்பார்கள். அன்று ஒரே பாட்டுக்கு நான்கு சீட்டு, ஒரே கையெழுத்து. லதிகா இரண்டு தடவை பாடினாள். மூன்றாவது சீட்டு வந்தபோது மைக்கில் சிரித்துக்கொண்டே, மற்றவர்களுக்கும் பாட வேண்டும் அல்லவா என்றாள். நான்காவது சீட்டையும் மடித்து வைத்துவிட்டு வேறு பாட்டை எடுத்தாள். இரண்டாவது வரியில் சோடா பாட்டில் வந்தது. இடது காதுக்கு மேலே அடித்துத் தெறித்தது.

அவள் ஒரு முழங்காலில் உட்கார்ந்தாள். காதைப் பொத்திய விரல்களுக்கு நடுவில் ரத்தம் வந்தது. பிறகு எழுந்தாள். மைக் முன்னால் வந்து கையை நீட்டிப் பேச ஆரம்பித்தாள்.

மாஷ் என்னைப் பார்த்தார். உள்ளங்கை கீழே. உடனே முஷ்டி.

நான் மூன்றாம் சேனலை இறக்கினேன். டிரம்ஸை ஏற்றினேன். யோசித்தேன் என்றெல்லாம் கதை விட மாட்டேன். கை தானாகப் போனது. அவள் வாய் அசைந்தது, ஸ்பீக்கரில் டிரம்ஸும் கீபோர்டும் வந்தன. ஆண் பாடகன் ஜோஷி இன்னொரு மைக்கைப் பிடித்துப் பாட்டைத் தொடர்ந்தான். கூட்டம் ஆடியது. லதிகா கொஞ்ச நேரம் நின்று கூட்டத்தைப் பார்த்தாள். அப்புறம் பின்படி வழியாக இறங்கினாள். யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாங்கள் மேலும் முக்கால் மணி நேரம் வாசித்து நிகழ்ச்சியை முடித்தோம்.

கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மாஷ் வந்தார். டப்பாவைத் திறந்து நீட்டினார். நான் கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போது அந்தக் காரம் நாக்கில் வருகிறது, துப்ப வேண்டும் போல இருக்கிறது.

மறுநாள் லதிகா போலீசுக்குப் போனாள். எறிந்தவனைப் பார்த்தேன், நீலச் சட்டை, மைக்கிலேயே சொன்னேன், எல்லாரும் கேட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தாள். நீலச் சட்டைக்காரன் செக்ரட்டரியின் மச்சினன். செக்ரட்டரி என்ன சொன்னார் தெரியுமா? அந்தப் பெண் கேபிள் தடுக்கி விழுந்து ஸ்பீக்கர் முனையில் இடித்துக்கொண்டது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என் கேபிளைத்தான் எடுத்தார். எங்கள் ஊர் பிராட்வே கடைத்தெருவில் போய் நல்ல டேப்பாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொரு அடிக்கும் ஒட்டி, அதன் மேல் பாய் விரித்து வைப்பவன் நான். முப்பத்தொரு வருஷத்தில் என் கேபிள் தடுக்கி ஒரு குழந்தைகூட விழுந்ததில்லை.

எஸ்.ஐ. என்னைக் கேட்டார். “மேடைல கேபிள் உண்டாயிருந்நோ?”

“உண்டு சாரே.”

“அவர் மைக்கில் எந்தெங்கிலும் பறஞ்ஞோ?” லதிகா மைக்கில் ஏதாவது சொன்னாளா என்று கேட்டார்.

“பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல சாரே.”

இரண்டும் உண்மை. மேடையில் கேபிள் இருந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு உண்மையை வைத்து இப்படி ஒரு பொய்யைச் செய்ய முடியும் என்று நான் அன்று கற்றுக்கொண்டேன். மாஷ் வெளியே காத்திருந்தார். “கேபிளுக்கு நோவில்லல்லோ மணீ” என்றார் மெதுவாக. கேபிளுக்கு வலிக்காதாம். கேஸ் அத்தோடு முடிந்தது.

லதிகாவின் இடது காது போயிற்று. ஒரு காதை வைத்துக்கொண்டு மேடைச் சத்தத்துக்கு நடுவில் சுருதி பிடிக்க முடியவில்லை. இரண்டு மாதம் முயன்று பார்த்தாள். மூன்றாம் மாதம் மாஷ் வேறு பெண்ணைக் கொண்டுவந்தார். லதிகா வீட்டில் பிளவுஸ் தைக்க ஆரம்பித்தாள். நீலச் சட்டைக்காரன் வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்து வந்து, இப்போது அதே சங்கத்தின் ஓண விழாவில் விளக்கேற்றுகிறான். மாஷ் ஆறு வருஷம் முன்பு காலமானார். பெரிய கூட்டம் வந்தது. நானும் அழுதேன், அதுவும் உண்மைதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மேடையில் பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரல் கேட்க வேண்டும் என்று அவர்கள் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைப்போம். மானிட்டர் என்போம். அதற்குப் போகும் லைன் தனி. கூட்டத்துக்குப் போகும் சத்தத்தை நான் இறக்கினாலும் மானிட்டரில் இறங்காது. பாடகர்களின் பிசிறுகளை மறுநாள் கேட்டுத் திருத்த மாஷுக்குச் சுத்தமான குரல் வேண்டும் என்பதால், ரெக்கார்டரை அந்த மானிட்டர் லைனில்தான் செருகி வைப்பேன்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த அன்று வீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன். இருக்கிறது. அத்தனையும் இருக்கிறது. “ஆரா எறிஞ்ஞதுன்னு ஞான் கண்டு. ஆ நீல ஷர்ட்டு. பாட்டு நிர்த்து. போலீஸினெ விளிக்கு.” யார் எறிந்தது என்று பார்த்தேன், பாட்டை நிறுத்துங்கள், போலீசைக் கூப்பிடுங்கள் என்கிறாள். குரல் நடுங்குகிறது, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவு.

மாஷ் கேட்டார், “ரெக்கார்டிங் உண்டோ?” பேட்டரி போய்விட்டது என்றேன். லதிகாவுக்கும் கொடுக்கவில்லை. பயம். வேலை போய்விடும், மாஷ் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அழிக்கவும் மனசு வரவில்லை. அந்த மெமரி கார்டு பதினான்கு வருஷம் என் அலமாரியில் கிடந்தது. லதிகா தெருவில் எதிரே வந்தால் நான் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன்.

அனீஷின் போன் வந்து நாலாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினில் இருந்தாள். தலையில் நரை ஏறியிருந்தது. வலது காது என் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்னா சேட்டா, வழி தெரிஞ்சுதா? சாயா போடட்டா?”

வேண்டாம் என்றேன். கார்டைச் செருகிய சின்ன ஸ்பீக்கரை மெஷின் மேல் வைத்துப் போட்டேன். அவள் முழுதாகக் கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“இது எனக்குத் தெரியாதா? நான் சொன்னதுதானே. அன்னிக்கு நல்லா கேட்டுதே.”

“உனக்குக் கேட்டுது லதிகா. வெளிய கேக்கல.”

“என்ன சொல்றீங்க?”

“மானிட்டர்ல கேட்டுருக்கு. வெளிய போற லைன நான் இறக்கிட்டேன்.”

மேடையில் ஏழு வருஷம் நின்றவள். விளக்க வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அப்போ அவங்க கேக்கவே இல்லியா?”

“இல்ல.”

“மீன்காரி மேரிச் சேச்சி ரெண்டாவது வரிசைல உக்காந்துருந்தாங்க. என் கண்ணுக்கு நேரா. நான் சொன்னதக் கேட்டுட்டு வாயத் திறக்காம இருந்தாங்கன்னு அதுக்கப்புறம் அவங்ககிட்ட நான் மீனே வாங்கல. வாசல்ல வந்து, ‘மோளே, நான் என்ன செஞ்சேன்’ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. கதவச் சாத்திட்டேன். போன வருஷம் செத்துப்போனாங்க. சாவு வீட்டுக்கும் நான் போகல.” அவள் குரல் ஏறியது. “ஒரு ஊரையே நான் வெறுத்துக்கிட்டு இருந்தேன் சேட்டா. பாட்டில் வர்றதப் பத்து பேர் கண்டுருப்பாங்க. என் பேச்ச நானூறு பேரு கேட்டுருக்கலாம். அதுல நாலு பேரு கூடவா எந்திரிச்சுருக்க மாட்டாங்க?”

எந்திரித்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள முடியாமல் செய்தவன் நான். எறிந்தவன் ஒரு காதைக் கெடுத்தான். நான் அவளுக்கு அவள் ஊரைக் கெடுத்தேன். இத்தனை வருஷமும் ‘மாஷ் சொன்னார், இறக்கினேன்’ என்று எனக்கு நானே சொல்லிவந்த சமாதானம் அந்தத் தையல் மெஷினுக்கு முன்னால் நிற்கவில்லை.

“என்னை மன்னிச்சுரு லதிகா” என்றேன்.

அவள் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். “மன்னிப்புக் கேக்கறதுன்னா இந்தப் பக்கம் நின்னு கேளுங்க.”

ஸ்பீக்கரிலிருந்து கார்டை எடுத்து அவள் பக்கம் வைத்துவிட்டு மீட்டிங்கைப் பற்றிச் சொன்னேன்.

“போய் என்ன சம்சாரிப்பீங்க?”

“தடுப்பு கட்டணும், கண்ணாடி பாட்டில் உள்ள விடக் கூடாதுன்னு...”

“அதெல்லாம் கட்டட்டும். அடி விழுந்தா பாட்ட நிறுத்தணும். பாடுறவ சொன்னாலே நிறுத்தணும். அவ மைக்க ஒருத்தனும் தொடக் கூடாது. அதச் சொல்லுங்க.”

“சரி. எழுதியும் கொடுக்கறேன்.”

“எழுதுறதுன்னா ஒரு பாட்டுக்காரின்னு எழுதக் கூடாது. என் பேரப் போடணும். உங்க பேரயும் போடணும்.”

போட்டிருக்கிறேன். அவள் பெயர் லதிகா. மூன்றாம் சேனலை இறக்கியவன் சுப்பிரமணியன், எல்லாருக்கும் மணி. வாட்ஸ்அப்பில் கைதட்டும் படம் போட்ட என் நண்பர்களுக்கும் இது சேரட்டும். கல்லடி வாங்கிக்கொண்டு யாரும் ஆசைப்பட்டுப் பாடவில்லை, ஐயா. நிறுத்த விடாமல் அறுபது அடி தள்ளி நாம் உட்கார்ந்திருந்தோம்.

மீட்டிங்குக்கு லதிகா வருகிறாள். அந்த ரெக்கார்டிங்கை அங்கே பெரிய ஸ்பீக்கரில் போட வேண்டும் என்றாள். அனீஷிடம் சொல்லி ஏற்பாடு செய்கிறேன், சத்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வழக்கம்போல வாயை விட்டேன்.

“வேண்டாம்” என்றாள் லதிகா. “மிக்சர்ல நான் நிக்கறேன். நீங்க கையக் கட்டிட்டு அறுபது அடி தள்ளி நில்லுங்க.”